பூஜ்யத்தை நம்பாத பாகீரதி

பாகீரதியைப் பற்றிச் சொல்லப் பட்டம், பதவி எல்லாம் தேவையில்லை. மலையாளக் கரையில் கிழக்கேகோட்டை அக்ரஹாரத்துக்காரர். 2003-ல் வானிலைக் கருவி செய்யும் சின்னக் கம்பெனியில் புரோகிராமர். யார் உழைத்தாரோ அவர் பேரில்தான் உழைப்பு நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். அது போதும்.

கருவிக்குள் இரண்டு புரோகிராம்கள். காற்றையும் மழையையும் அளப்பது பாகீரதி எழுதியது. அளந்ததைச் சுருக்கி அனுப்புவது பிரஜின் எழுதியது. கருவி திணறியது. பிராசஸரைப் புரோகிராம்களுக்குப் பங்கு போட்டு, யார் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று கணக்கு வைப்பது இயங்குதளத்தின் கர்னல். அந்தக் கணக்கில் நேரம் முழுவதும் பிரஜின் பக்கம்; பாகீரதிக்குப் பூஜ்யம். திணறலுக்குப் பழி பிரஜின் மேல் விழுந்தது. பிரஜின் ஒப்பந்த ஆள். வெட்டுவதென்றால் முதல் கழுத்து அவனுடையதுதானே.

"இந்த மாசத்தோடெ நிறுத்திக்கலாம் பிரஜின்," என்றார் மேனேஜர் மஹேஷ்.

"சாரே, என் புரோகிராம்ல அவ்வளவு வேலையே இல்லல்லோ."

பாகீரதி குறுக்கே வந்தார். "சார், என்னோடது நாள் முழுக்க ஓடிண்டிருக்கு. பூஜ்யம் எப்படி வரும்?"

"உங்களுக்கு நல்லதாத்தானே காட்டுது? பின்னே எதுக்கு வேண்டாத பணி?"

"அதனாலதான் சந்தேகம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்கோ."

கர்னலைத் திறந்து பார்த்தார். கடிகாரம் 'டிக்' அடிக்கும்போது மட்டும் அது எட்டிப் பார்க்கிறது. அப்போது எந்தப் புரோகிராம் ஓடுகிறதோ, அந்த இடைவெளி மொத்தமும் அதன் தலையில். மேஸ்திரி ரவுண்டு வரும்போது கண்ணில் பட்டவனுக்கு மட்டும் வேலை எழுதுகிற கதை. பாகீரதி ஒழுங்கு பார்க்கிறவர். தன் புரோகிராம் டிக்கோடு சேர்ந்து எழும்படி வைத்திருந்தார். எழுந்து, இடைவெளியில் பெரும்பங்கைத் தின்றுவிட்டு, அடுத்த டிக்குக்குள் அது படுத்துவிடும். தேங்கிய வேலையோடு மிச்ச நேரத்தில் ஓடும் பிரஜினின் புரோகிராம்தான் ஒவ்வொரு தடவையும் மாட்டியது.

பிராசஸர் கைமாறும்போதெல்லாம் நேரத்தைக் குறிக்கும்படி கர்னலை மாற்றினார். அப்போதும் கூட்டினால் மொத்தத்தோடு ஒட்டவில்லை. மொத்தம் இன்னும் பழைய டிக் கணக்கிலேயே கிடந்தது. அதையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். கணக்கு ஒட்டியது.

வெள்ளிக்கிழமை அந்தக் கணக்கை மஹேஷ் முன்னால் வைத்தார். "நேரத்தைத் தின்னது என் புரோகிராம் சார்."

"உங்க பேருக்குக் கேடாச்சே."

"கணக்கு சரியா இருக்கட்டும். பேரை நான் பாத்துக்கறேன்."

பிரஜின் சிரித்தான். "அக்கா, நீங்க சாப்பிட்ட எலைய இத்தன நாளும் நானாக்கும் எடுத்துட்டிருந்தேன்."

"இனிமே நானே எடுத்துடறேன்டா."

அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். திங்கட்கிழமை பாகீரதி தன் புரோகிராமைப் பிரித்துப் போட்டார். தப்பு பார்க்கப் பக்கத்தில் உட்கார வைத்தது பிரஜினைத்தான்.