பஞ்சுச் சிறகு

ஊதி அணைத்த மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு கருகல் மணம் எழும், தீ போய்விட்டது என்பதைத் தீயே ஒருமுறை திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போவதுபோல. போன டிசம்பரில், தம்பி வேலை பார்க்கும் ஜெர்மனியின் சிறிய ஊரொன்றில், கல்லால் கட்டிய பழைய தேவாலயத்துக்குள் அந்த மணம் மூக்கில் ஏறியதும், நாற்பத்தைந்தைத் தாண்டிய நான் என்னையறியாமல் வாசல் எந்தப் பக்கம் என்று தேடினேன்.

என்னை அழைத்துப்போனவர் தம்பியின் பக்கத்து வீட்டு அம்மாள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர், அதை ஒளிக்கவும் தெரியாதவர். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டமாட்டார்; டிசம்பர் பிறந்தால் சன்னலில் மெழுகுவர்த்தி வைப்பார்; எங்கிருந்தோ அகதியாக வந்த குடும்பத்துக்குக் கம்பளி பின்னிக் கொடுப்பார். ஏன் என்றால், "இதெல்லாம் செய்வதுதானே" என்பார். சாமி எழுந்து போன வீட்டில் சாமி போட்ட தடம் மட்டும் அழியாமல் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் அந்த ஊரில், வெளிச்சம் என்றால் மீட்பு என்று ஏன் ஆனது என்பது புத்திக்கு முன்னால் என் தோலுக்குப் புரிந்தது. வெயில் நாட்டில் பிறந்த ஒரு குழந்தையை அவர்கள் தங்கள் பனிக்குள் கொண்டுபோய்ப் பிறக்கவைத்து, பிறகு அந்தப் பனியோடு சேர்த்தே எங்களுக்கு அனுப்பினார்கள்.

எங்களுக்கு என்றால், ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில், மானாவாரிக் காடுகளுக்கு நடுவே பட்டாசுக் கம்பெனியின் சின்னச் சின்ன அறைகள் ஒன்றையொன்று நம்பாததுபோல் தள்ளித் தள்ளி நிற்கும் எங்கள் ஊருக்கு. அம்மா அதில் ஓர் அறையில் "மருந்து" அடைத்தாள். வெடிக்கிற பொடிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது முழங்கைவரை வெள்ளி பூசியதுபோல் மினுங்குவாள். நேரே புறவாசலுக்குப் போய், குளித்து, சேலை மாற்றி, அதற்குப் பிறகுதான் அடுப்படி, அதற்கும் பிறகுதான் நான். அதுவரைக்கும் "கிட்ட வராத, மருந்து" என்பாள். மற்ற பிள்ளைகளுக்குப் பூச்சாண்டி என்றால் பயம். எனக்கு, குளிக்காத அம்மா.

நான் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். கிறிஸ்துமஸ் பாட்டு விழாவில் என்னைத் தேவதூதனாக நிறுத்தினார்கள். தலைமை ஆசிரியையை நாங்கள் "பெரிய டீச்சர்" என்போம். அவரே அட்டையில் சிறகு வெட்டி, அதன்மேல் பஞ்சைப் பிய்த்து ஒட்டி, பனி என்றார்.

"மார்கழிப் பனியா டீச்சர்?"

"இது வேற பனி, தாயி. காலு பொதையும்."

அந்தி சாய்ந்ததும் பள்ளி மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். பெரிய டீச்சர் தன் மெழுகுவர்த்தியை ஏற்றி அடுத்தவர் திரியில் சாய்த்தார், அவர் அடுத்தவருக்கு. வாங்கிக்கொண்டதை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும், கடைசி வரிசையில் நிற்பவர்வரை ஒருவரும் விடுபடக் கூடாது என்று சொல்லித் தந்திருந்தார். எவ்வளவு அழகான நீதி! எங்கள் வீட்டு விளக்கு இருந்த இடத்தில் இருக்கும், நாம்தான் அதைச் சுற்றி வருவோம். இங்கே தீ நடந்தது. நடந்து நடந்து அது போய்ச்சேரப்போகிற கடைசி வரிசையில், முழங்கை மினுங்க, அம்மா நின்றாள்.

வேன் பிந்திவிட்டது. குளித்தால் மகளைப் பார்க்க முடியாது என்று, கூட வேலை பார்த்த முத்துலட்சுமி சித்தியோடு அப்படியே வந்துவிட்டாள். வாசலில் யாரோ அவள் கையிலும் ஒரு மெழுகுவர்த்தியைத் திணித்திருந்தார்கள். தேவதூதர்கள் அசையக் கூடாது என்பது உத்தரவு. கத்தவும் கூடாது. தீ அவளுக்கு முந்தின வரிசையைத் தொட்டபோது கண்ணை மூடினேன். திறந்தபோது அவள் அங்கே இல்லை.

வெளியே மைதானத்து இருட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏ புள்ள! அந்த றெக்கையக் கழத்து! பஞ்சுடீ அது, பஞ்சு!"

அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தில் மேய்ப்பனாக நின்ற பிள்ளையின் சுடர் என் சிறகை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. நான் அவளுக்காக நடுங்கிய நேரமெல்லாம் அவள் எனக்காக நடுங்கியிருக்கிறாள். முடிச்சு முதுகுப் பக்கம் இருந்தது, கை எட்டவில்லை. பாட்டு நிற்கவில்லை. "யாருப்பா அது, தேவதூதனப் போட்டு வையிறது?" என்று ஒருவர் சிரித்தார். அம்மா வாசல்வரை ஓடிவந்தாள். சுவரில் முட்டியதுபோல் நின்றாள். என்னைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தாள். வராவிட்டால் பஞ்சில் தீ. வந்தால் அவளே தீ.

"டீச்சர்! பிள்ளையப் பிடிங்க டீச்சர்!"

பெரிய டீச்சர் திரும்பிப் பார்த்தார். பாய்ந்து வந்து ஒற்றைக் கையால் சிறகைப் பிய்த்தெறிந்தார். அழத் தொடங்கிய என்னை அப்படியே வெளியே இழுத்துப்போனார்.

"அங்கனயே நில்லுங்க! திரி, கையில திரி!" என்று அம்மா பின்வாங்கினாள்.

அப்போதுதான் அவருக்கும் நினைவு வந்தது. சட்டென்று ஊதினார். அந்த மணம், அன்று மைதானத்தில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

"உள்ள வாங்கம்மா," என்றார் டீச்சர். "இங்க எல்லாருக்கும் இடம் இருக்கு."

"இடம் இருக்கு டீச்சர். ஒடம்புல மருந்துல்ல இருக்கு."

"நீ மட்டும் உள்ளயே நின்னுருந்தேன்னு வையி," என்றாள் முத்துலட்சுமி சித்தி, "பெறக்கப்போற சாமி, ஆத்தாடி வேணாம்னு திரும்பிப் போயிருக்கும்க்கா." சித்தி மட்டும்தான் சிரித்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். "கிட்ட வராத" என்று அம்மா விலகினாள். வீடுவரை அவள் முன்னால் நடக்க, அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் நடந்தேன்.

எல்லாருக்கும் இடம் உண்டு என்ற அந்தச் சொல் பிறந்து வளர்ந்த தேவாலயத்தில், போன டிசம்பரில் பாதி பெஞ்சுகள் காலியாக இருந்தன. எங்கள் பள்ளியிலும் இப்போது மெழுகுவர்த்தி இல்லை, செல்போன் வெளிச்சத்தைத்தான் ஆட்டுகிறார்களாம். பெரிய டீச்சர் இல்லை. அம்மா கம்பெனியை விட்டு நின்றுவிட்டாள். எல்லாம் போன பிறகும் பயம் மட்டும் போக இடம் தெரியாமல் என்னோடு இருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மாள் தன் சுடரை என் பக்கம் சாய்த்தார். என் திரியை நீட்டினேன். ஊரிலிருந்து கிளம்பிய அன்று, விருதுநகர் ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கியபோது, சன்னல் கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே அம்மா சொன்னாள்:

"அங்கன கோயிலுக்குப் போனீன்னா எனக்கும் ஒரு திரி ஏத்து தாயி. நா இங்கன தள்ளி நின்னு பாத்துக்கிறேன்."