கரண்டு இல்லாத நாளில் ஓடிய ஓடை

கான்சாபுரத்துக்கு மேற்கே ஓர் ஓடையின் குறுக்கே, முக்கோணமாக வெட்டிய இரும்புத் தகட்டைப் பதித்திருந்தோம். வெட்டு வழியே விழும் நீரின் உயரத்தை அளந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். இரண்டு மாதமாக மழை இல்லை. இனி ஓடையில் வருவது நிலத்தடியிலிருந்து ஊறி வருவது மட்டும்தான். அது எவ்வளவு என்று கணக்கிடத்தான் நிலத்தடி நீர்த் துறையில் என்னை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள்.

நான்கு முறை போனேன். நான்கு முறையும் காலை பதினொரு மணி. ஜீப் அப்போதுதான் கிடைக்கும். தகட்டடியில் ஈர மணலைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்தில் அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். நிலத்தடி நீரின் பங்கு சைபர் என்றால், தண்ணீர் கேன் கம்பெனி அங்கே போட அனுமதி கேட்கும் ஆழ்துளைக் கிணறுகளால் ஓடைக்குக் கெடுதல் இல்லை என்று எழுதிவிடலாமே. எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனால் என் கையில் இருந்ததும் சைபர்தான்.

ஐந்தாம் முறை போனது கடமை உணர்ச்சியால் அல்ல. அன்று மாதாந்திரப் பராமரிப்பு, பகல் முழுக்கக் கரண்டு கிடையாது. ஃபேன் ஓடாத அலுவலகத்தில் வேகுவானேன் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். போனால், வெட்டில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கொட்டுகிறது! அதன் உப்பளவு கரையோரக் கிணற்று நீரோடு அப்படியே ஒத்துப்போனது, நிலத்தடி நீரேதான். வெட்கமாகிவிட்டது. அங்கே எல்லாக் கிணற்றிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர். பகலில் கரண்டு வந்ததும் மோட்டார் தானே ஓடும். இராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்த நான், ஓடைக்கு ஊற வேண்டிய தண்ணீரை மோட்டார்கள் இழுக்கும் நேரமாகப் பார்த்து நான்கு தடவை போயிருக்கிறேன்.

மாலை வரை நகரவில்லை. கரண்டு வந்தது, மோட்டார்கள் உறுமின. பொழுது சாய்வதற்குள் தண்ணீர் ஒரு விரல் உயரத்துக்கு இறங்கிவிட்டது. கரைத் தோட்டக்காரர் பயந்து போய்க் கேட்டார்.

"இத எழுதுனா எங்க மோட்டாரப் புடுங்கிருவாவளா?"

"எழுதலைன்னாதான் அண்ணாச்சி, கேன் கம்பெனிக்காரவ ஒங்க கெணத்துக்கும் அடியில போர் போட்டு உறிஞ்ச வாராவ."

மறுநாள் அதிகாரி என் அளவைச் சிவப்பில் அடித்தார். கரண்டு இல்லாத நாள் இயல்பான நாள் இல்லையாம், சைபர் என்றே எழுத வேண்டுமாம். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிவதையும் அன்பாக நினைவூட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டும், அதுவும் என் கையால். சொன்னதைச் சொல்லக் கிளி வேண்டுமென்றால் ஆண்டாள் கையில் இருக்கிறது, அங்கே போய்க் கேட்கட்டும்.

"கரண்டு இல்லாத நாள்தான் சார் ஓடைக்கு இயல்பான நாள். மத்த நாள்ல நாம அளந்தது ஓடைய இல்ல, மோட்டார," என்றேன்.

கரண்டு இல்லாதபோதும் வந்த பிறகும் எடுத்த இரண்டு அளவுகளையும் நேரத்தோடு எழுதி, என் கையெழுத்தை மட்டும் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினேன். ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கேன் கம்பெனிக்கு அனுமதியும் இன்னும் வரவில்லை. என் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவள், போன வாரம் எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அடுத்த கரண்டு கட்டு என்னைக்கு?"