செல்விக்குப் பதிலாக நான் பேசியது

என் மருமகள் செல்வி பேச வேண்டிய இடத்தில் நான் பேசினேன். என் பேத்தி யாழினி இறந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

யாழினிக்குப் பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவுகள் கட்டுக்குள் வராத நிலை). நான்கு வயதிலும் கழுத்து நிற்கவில்லை. மகனுக்கு வெளியூரில், ரவாங்கில் தொழிற்சாலை வேலை. கோல சிலாங்கூர் வீட்டில் குழந்தையைத் தூக்கியது, குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் செல்வி. நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெளியாட்களிடம் பேசுவது மட்டும் என் வேலை.

ஒருநாள் தாதியர் கல்லூரி மாணவிகள் இருவர் வந்தார்கள். இப்படிப்பட்ட குடும்பங்களுக்குத் துணைநிற்கப் பழகும் பயிற்சி. அவர்களில் பிரியா தமிழ்ப்பெண்.

“சாப்பாடு எப்படி அங்கிள்?” என்னைத்தான் கேட்டாள்.

“நல்லா சாப்பிடுறா.”

“கஞ்சி கொடுக்கிறப்ப இருமுது மிஸி...” என்று செல்வி தொடங்கினாள். இங்கே தாதியரை ‘மிஸி’ என்போம்.

“எந்தப் பிள்ளதான் இருமாது? நீ போய்த் தேத்தண்ணி கலக்கிக் கொண்டா.”

அந்த வாரம் ஈஜோக்கிலிருந்து என் இளைய மகனைப் பார்க்கப் பெண்வீட்டார் வருவதாக இருந்தது. வீட்டுக் குறை வெளியே போகக் கூடாது என்று நினைத்தேன். பிரியா என் பதிலை எழுதிக்கொண்டாள். “அங்கிள் இருக்கீங்க, கவலையில்ல லா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சில வாரங்களில் யாழினிக்குக் காய்ச்சல் வந்தது. விழுங்கும் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுத்திருந்தது.

“ரொம்ப நாளா இருமியிருக்குமே, யாரும் சொல்லலையா?” என்றார் மருத்துவர்.

செல்வி தரையைப் பார்த்தாள். என்ன மருந்து என்று கேட்டு நான் பேச்சை மாற்றினேன்.

மூக்குவழிக் குழாய் (வயிற்றுக்கு நேரே பால் செலுத்துவது) போட்டார்கள். மூன்றாவது காய்ச்சலில் யாழினி திரும்பவில்லை. முன்பே தெரிந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். அது நிற்கவில்லை.

கல்லூரிக்குப் போய்ப் பயிற்றாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வீட்டுக்கு வீடு என்னை மாதிரி ஒருத்தன் இருப்பான். அவனத் தாண்டிப் போக இந்தப் பிள்ளைங்க பழகட்டும்” என்றேன்.

இப்போது வகுப்பில் அந்த வீட்டுச் சந்திப்பை நடித்துப் பழகுகிறார்கள். ஒரு மாணவி தாயாக உட்காருவாள். நான் நானாகவே உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். பலர் இன்னமும் மரியாதையாக எழுதிக்கொள்கிறார்கள். சிலர்தான், “தாத்தா, கொஞ்சம் இருங்க. அம்மா ஒரு கரண்டி ஊட்டட்டும், நான் பார்க்கணும்” என்கிறார்கள்.

செல்வி ஒருநாள் கேட்டாள். “அங்க அம்மாவா யாரு உட்கார்றா மாமா?”

“மாணவி ஒருத்தி.”

“இந்தத் தடவ நான் வரேன்.”

வகுப்பில் ஒரு மாணவி நாற்காலியைச் செல்வி பக்கம் திருப்பிப் போட்டாள். “நீங்க சொல்லுங்க அக்கா.”

நான் குறுக்கிட வேண்டிய இடம் அது. வாய் திறந்தேன். எச்சில் தொண்டையில் சிக்கி இருமினேன். இருமல் அடங்கும்வரை செல்வி காத்திருந்தாள்.

“கஞ்சி கொடுக்கிறப்ப இருமுது மிஸி,” என்றாள். “கண்ணுல தண்ணி வருது. உதடு நீலமாயிடுது. எனக்குப் பயமா இருக்கு.”

யாரும் எழுதவில்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால், ஊட்டுகிறவர் பேசட்டும். நான் இப்போது ஒவ்வொரு மிடறையும் விழுங்குமுன் நின்றுவிடுகிறேன். தொண்டைக்குள் உணவுக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று என இரண்டு வழிகள் இருப்பது தெரிகிறது. கோப்பையில் தேநீர் ஆறிப்போகிறது.