பாம்புச் சண்டை ரீல்

தொண்ணூறுகளின் தொடக்கம். டிப்ளமோ முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா ஆபரேட்டராக இருந்த தியேட்டரின் ஆம்ப்ளிஃபயர்களை அவர் மகள் நான்தான் பழுது பார்ப்பேன்.

அப்போது வந்த ஒரு மாயாஜாலப் படத்துக்கு எங்கள் ஊருக்கும் ராஜபாளையத்துக்கும் ஒரே பிரிண்ட். அங்கே ஓடி முடிந்த ரீல்களை ஒருவர் மொபெட்டில் கொண்டுவருவார். ஆறாவது ரீல் பல தலைப் பாம்போடு சண்டை. வசனமே இல்லை. முதலில் செல்லோக்கள் உறுமும், வயலின்கள் கூட்டமாகக் கீறும், பிறகு டிரம்பெட்டுகள். ஒவ்வொரு தலை அறுந்து விழும்போதும் பெரிய முரசு. அதோடு சேர்த்துப் பெஞ்சு டிக்கெட்காரர்கள் தரையை மிதிப்பார்கள்.

ஒரு ஞாயிறு மேட்னியில் அந்த ஆள் ஆறாவதை விட்டுவிட்டு ஏழாவதைக் கொண்டுவந்தார். ஆறாவதை எடுக்க மொபெட்டைத் திருப்பிக்கொண்டு பறந்தார். இடைவேளையை நீட்டினோம். கூட்டம் விசிலடித்தது.

"ஏழாவத ஓட்டுங்கண்ணே. ஆறுல ஒருத்தனும் வாயத் தொறக்கல, வெறும் வாத்தியந்தான," என்றார் மேனேஜர்.

"சார், அம்புட்டுப் பேரும் அந்த வாத்தியத்துக்குத்தான் வந்திருக்கான்," என்றார் அப்பா.

"நான் சொல்லுதேன்ல."

அப்பா ஓட்டினார். முதல் காட்சியிலேயே பாம்பு செத்துக் கிடந்தது.

ஒரு சோடா பாட்டில் திரையைக் கிழித்தது. அடுத்து நாற்காலிகள், மின்விசிறி, டிக்கெட் கவுண்டர், மேனேஜரின் மூக்கு. அந்த வரிசையில்தான் உடைந்தன. அப்புறம் படிக்கட்டில் காலடிகள்.

"ரீல ஒளிச்சு வச்சிருக்கான். இழுத்துப் போடுங்கலே."

அப்பா கேபின் கதவைத் தள்ளிப் பிடித்தார். வெளியிலிருந்து இடித்ததில் அவருடைய வலது கை விரல்கள் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்கின. எலும்பு முறிவது கேட்டது. கதவு பெயர்ந்து விழ, ஒருவன் இரும்புக் குழாயை அப்பாவின் தலைக்கு மேல் ஓங்கினான்.

"அடிச்சுட்டா ஆரு ஓட்டுவா? பெட்டி வந்துக்கிட்டிருக்கு," என்றேன்.

"வரலைன்னா?" என்றான் அவன். குழாய் இறங்கவில்லை.

கீழே யாரோ கத்தினார்கள். "வந்துட்டாம்லே, வழி விடு."

ரீல் பெட்டி தலைகளுக்கு மேலாகக் கை மாறி மாறி வந்தது. அப்பாவால் ஃபிலிமைப் பிடிக்க முடியவில்லை. அவர் மாட்டுவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, நான் ஒருமுறைகூட மாட்டியதில்லை.

"லூப்ப சின்னதா விடாதட்டி, ஃபிலிம் தொய்வா நிக்கணும், இல்லன்னா அறுந்துரும்," என்றார் அப்பா.

அறுந்தால் என்ன ஆகும் என்று குழாயைப் பார்த்தாலே தெரிந்தது. மாட்டினேன். மோட்டாரைப் போட்டேன். செல்லோக்கள் உறுமின. கிழிந்த திரையில் பாம்பு எழுந்தது. கீழே உடைந்த நாற்காலிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் தலை விழுந்தது. முரசுக்குச் சரியாக அவன் குழாயால் எங்கள் சுவரில் அடித்தான். சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்பா கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு திரையையே பார்த்தார். துண்டு சிவந்துகொண்டே வந்தது.

"பேஸக் கூட்டு," என்றார்.

கூட்டினேன்.