சத்தமில்லாத பலூன்

நான் திருச்சிக்காரன். பாரிஸில், லா ஷப்பேலில் ஒரு விழா அலங்காரக் கடையில் வேலை. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், நான் அவரை அண்ணே என்பேன். அன்று பாரிஸை ஒட்டிய ஸ்தேனில் நடக்கவிருந்த ஒரு சாமத்தியச் சடங்குக்காக, அதாவது மஞ்சள் நீராட்டுக்காக, இருவரும் பலூன்களில் காற்று நிரப்பிக்கொண்டிருந்தோம்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. புதிதாகப் படித்ததை அளக்க ஆரம்பித்தேன். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் காகிதத்தில் பெரிய பலூன் செய்து, குண்டைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். உயரத்தில் வீசும் காற்றே அதைப் பசிபிக் கடல் தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது.

"கடதாசியிலையோ? என்னத்தாலை ஒட்டினவை?"

"ஒரு கிழங்குமாவுப் பசைண்ணே. பள்ளிக்கூடப் பொண்ணுங்கதான் ஒட்டுனாங்களாம்."

"அட!" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வரேக்கை சத்தம் கேக்குமோ?"

"எஞ்சினே கிடையாதே! சத்தமே வராது. அதுதாண்ணே செம ஐடியா!"

அவர் கையிலிருந்த பலூன் முடிச்சுப் போடாமலே புஸ்ஸென்று சுருங்கியது.

"எங்கடை சண்டைக்காலத்திலை குண்டு போடுற பொம்பர் வந்தா இரைச்சல் கேக்கும். பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ளை ஓடுவம். இதிலை ஓடுறதுக்கும் வழியில்லை, என்ன? ஆரும் செத்தவையோ?"

காட்டுக்குப் பிக்னிக் போன ஒரு பெண்ணும் ஐந்து பிள்ளைகளும், கீழே கிடந்தது என்னவென்று பார்க்கப் போயிருக்கிறார்கள். சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது. அண்ணன் இன்னொரு பலூனை எடுத்தார்.

எவ்வளவு உயரத்தில் பறந்தது, எடைக்கு எத்தனை மணல்மூட்டை கட்டினார்கள் என்றெல்லாம் தேடித் தேடிப் படித்தவன் நான். சத்தம் கேட்குமா என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. பலூன் கிளம்பிய இடத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் அது வந்து விழும் இடத்திலிருந்து கேட்டார்.