அறுபத்துமூன்றாவது படம்

யாரைப் படம் எடுக்க நின்றாலும் யெஷி என்கிற யெஷிமேபெத் முதலில் இரண்டு எட்டு பின்னால் போவாள். பதினோரு வருடமாக அந்தத் தெருவே பார்த்திருக்கிறது. கல்யாண வீடுகளில் முதுகு சுவரில் இடிக்கும். ஒருமுறை கோவில் வாசலில் சாக்கடைக்குள் கால் விட்டாள். "படம் எடுக்க வந்தவ ஓடிப்போறா பாருங்கடி" என்று பெண்கள் சிரிப்பார்கள். அவள் இன்னும் ஒரு எட்டு பின்னால் போவாள்.

லென்ஸ்தான் காரணம். அது செத்துப்போன கணவன் தெஃபெராவின் ரஷ்யக் கேமராவில் இருந்தது. எத்தியோப்பியாவின் அந்தத் தெஸ்ஸே ஊரில் ஃபிலிம் கிடைக்காமல் போனதும் கேமரா அலமாரிக்குள் போனது. துபாயில் வீட்டுவேலை செய்யும் தங்கை, முதலாளி வீட்டில் கழித்த டிஜிட்டல் கேமரா ஒன்றை அனுப்பினாள். அதில் லென்ஸ் இல்லை, வெறும் உடம்பு. யெஷி அடிஸ் அபாபா வரை போய், சந்தையில் ஒரு வளையம் வாங்கிவந்து, பழைய லென்ஸைப் புதிய கேமராவில் திருகினாள். அச்சாகப் பொருந்தியது.

ஆனால் புதிய கேமராவுக்குள் படம் விழுகிற தகடு சின்னது. லென்ஸ் பழையபடி ஃபிலிம் அகலத்துக்குப் படத்தை விரித்துப் போட்டது. தகடு அதன் நடுவை மட்டும் வாங்கிக்கொண்டது. பெரிய கல்லில் இஞ்செரா தோசை வார்த்து நடுவை மட்டும் பிய்த்துத் தின்பதுபோல. தெஃபெரா படம் எடுக்க நின்ற இடத்தில் நின்றால் ஆளின் தோள் வெட்டுப்படும். பின்னால் போகவேண்டும். அவளுடைய ஸ்டுடியோ அறையோ நீளமில்லை. மார்பளவுப் படத்துக்கு வாசற்படி. குடும்பப் படத்துக்குத் தெருவைத் தாண்டி, அஸ்காலேயின் காப்பிக் கடை வாசல்.

அங்கே நின்று "இங்க பாருங்க" என்று கத்தவேண்டும். யெஷிக்குக் கத்த வராது. கையை மட்டும் தூக்குவாள். கதவுக்குள்ளே அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் ஒட்டி உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரிப்பது தெரியும். என்ன பேச்சு என்று கேட்காது. அவள் தெருவைக் கடந்து திரும்புவதற்குள் அவர்கள் எழுந்து சால்வையைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

அந்த ஊரில் சாவு வீட்டில் இறந்தவரின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டுதான் அழுவார்கள். படம் கைக்குக் கை மாறும். ஒரு மழைக்காலத்தில் பெலாய்னேஷ் என்ற தனிக்கட்டை செத்துப்போனாள். வீட்டைப் புரட்டியும் ஒரு படம் அகப்படவில்லை. அடையாள அட்டையில் இருந்தது நகத்தளவு, அதுவும் ஈரம் பட்டு ஊதாவாகிக் கிடந்தது. கடைசியில் அவளுடைய வெள்ளை மேல்துணியை மடித்துப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுகை நீடிக்கவில்லை. துணியைப் பார்த்து எவ்வளவு நேரம் அழமுடியும்? யெஷி பின்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தெருப் பெண்களின் இத்திர், சாவுக்குச் சாவு பாத்திரமும் பந்தலும் கொடுக்கிற சங்கம், ஒரு தீர்மானம் போட்டது. ஆளுக்கு ஒரு படம் கொடுக்கவேண்டும், புனித மிக்கேல் திருநாளுக்குள். பெண்கள் யெஷியிடம் வந்து உட்கார்ந்தார்கள். அறுபத்திரண்டு பேர். அவளும் வாசற்படியில் நின்று அறுபத்திரண்டு முகங்களை எடுத்துக் கொடுத்தாள்.

கூட்டத்தில் தலைவி மாமித்தே படங்களை எண்ணினாள்.

"ஒண்ணு குறையுதே. யாருடி குடுக்காதவ?"

"எடுக்கிறவதான் அக்கா," என்றாள் ஒருத்தி.

"ஏண்டி யெஷி, நாளைக்கு நீ போனா நாங்க எதைப் புடிச்சுக்கிட்டு அழுறது? உன் கேமராவையா?"

எல்லோரும் சிரித்தார்கள். யெஷியும் சிரித்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தங்கை வந்து சேருவதற்குள் மண் போட்டு மூடிவிடுவார்கள். பெலாய்னேஷின் மடித்த துணி நினைவுக்கு வந்தது. திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது.

கீழத்தெருவில் வேறு ஸ்டுடியோ உண்டு. அங்கே போய் உட்காரக் கூச்சம். தானே எடுத்துக்கொள்ளலாம் என்று கேமராவை முக்காலியில் பூட்டினாள். இந்த லென்ஸ் தானாகக் குவியாது. கையால் லென்ஸின் வளையத்தைத் திருப்பித்தான் தெளிவு பிடிக்கவேண்டும். ஆளில்லாத நாற்காலிக்கு மேலே, தன் முகம் வரும் உயரத்தில், கயிற்றில் ஒரு சாவியைத் தொங்கவிட்டாள். சாவியின் பல் தெளியும்வரை திருப்பினாள். கேமராவைப் பத்து விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய், சாவியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

முகம் மங்கல். மறுபடி எடுத்தாள். மங்கல். பன்னிரண்டு முறை. அறை இருட்டு, லென்ஸை முழுக்கத் திறந்துவைத்திருந்தாள். அப்படித் திறந்தால் தெளிவுக்கு இரண்டு விரல் இடம்தான். பன்னிரண்டு படத்தையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கேமராவின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் அவள் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். நாற்காலிக் கைப்பிடியின் துணிப்பூ இழை இழையாகத் தெரிந்தது. அவள்தான் தெரியவில்லை.

பதின்மூன்றாவது முறைக்கு எழுந்தபோது வாசலில் அஸ்காலே நின்றாள், கையில் காப்பிக் குவளையோடு.

"என்னடி, உள்ளயும் வெளியயும் கோழி மாதிரி ஓடுற?"

யெஷி சொன்னாள்.

"இதுக்கா? தா இப்படி. நான் எடுக்கிறேன்."

அஸ்காலே குவளையை வைத்துவிட்டு, முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்றிக்கொண்டு நேரே யெஷியின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அடி ஆத்தி! உன் மூஞ்சி இதுல கொள்ளலையே. மூக்குதான் தெரியுது."

"பின்னால போங்க அக்கா."

"போயாச்சு."

"இன்னும். படிக்குப் போங்க."

அஸ்காலே படி இறங்கித் தெருவுக்கே போய்விட்டாள். வைக்கோல் ஏற்றிய கழுதை ஒன்று முதுகில் உரசியது. "ஏய்யா, கழுதையப் புடி! இங்க வேலை நடக்குதுல்ல?" என்று அதட்டிவிட்டுப் படியேறினாள். "இப்ப என்ன செய்யணும்?"

"வளையத்தைத் திருப்புங்க. என் கண்ணிமை முடி தெரியணும்."

அஸ்காலே திருப்பினாள். கூட்டினாள், குறைத்தாள். இவ்வளவு நேரம் யாரும் தன்னைப் பார்த்து யெஷிக்கு நினைவில்லை. எழுந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்திருந்தாள்.

"யெஷி, உன் புருவத்துல தழும்பு இருக்கே?"

"சின்ன வயசுல விழுந்தது."

"இருபது வருஷமா எதுத்தாப்புல இருக்கேன். எனக்குத் தெரியலையேடி!" குரல் இறங்கியிருந்தது.

அஸ்காலே அதை இன்னும் கிட்டப் பார்த்துச் சொல்லட்டும் என்று யெஷிக்குத் தோன்றியதோ என்னவோ, முகம் முன்னால் வந்தது. "எந்தப் பக்கம்..." என்று வாயைத் திறந்தாள். அஸ்காலே பொத்தானை அமுக்கிவிட்டாள்.

படம் சாய்ந்திருந்தது. ஒரு காது வெட்டுப்பட்டிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. முகமெல்லாம் மங்கல்தான். இடது கண்ணும் தழும்பும் மட்டும் ஊசிமுனைபோல் தெளிவு. வாடிக்கைக்காரருக்கு இப்படி ஒரு படத்தை யெஷி கொடுக்கவே மாட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு எடுக்காமல், அதையே அச்சுப் போட்டாள்.

திருநாளன்று மாமித்தே படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "யாருடி இது? நம்ம யெஷியா? பேச வாயெடுத்திருக்காளே!" என்றாள். மற்றப் படங்களோடு வைத்துப் பெட்டியைப் பூட்டினாள்.

அஸ்காலே போன வருடம் கொம்போல்ச்சாவிலுள்ள மகள் வீட்டோடு போய்விட்டாள். எதிர்க்கடை பூட்டிக் கிடக்கிறது. குடும்பப் படத்துக்கு யெஷி அந்தப் பூட்டிய கதவின் முன்னால்தான் நிற்கிறாள். இத்திர் பெட்டியில் வைத்தது அறுபத்துமூன்று படங்கள். இதுவரை நான்கு சாவுகளுக்கு நான்கு வெளியே எடுக்கப்பட்டிருக்கின்றன. அவளுடையது உள்ளே இருக்கிறது.