மஞ்சள் பனியன் போட்ட சென்னப்பன்

மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றி இறக்கும் சென்னப்பனிடம் வாலிபால் பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. எடுத்தால் விடமாட்டான். அவனைப் பொறுத்தவரை உலக வாலிபால் தொண்ணூற்றிரண்டோடு செத்துப் போனது.

"சர்வீஸ் நம்ம கையில இருந்தாத்தான் பாயிண்டு. ஒரு பாயிண்டுக்கு அப்பிடி அடிச்சிக்குவானுங்க. இப்ப எவன் தப்பு பண்ணாலும் பாயிண்டு. இது ஒரு ஆட்டமா?" என்பான்.

செல்போனில் ரஷ்யாவும் அமெரிக்காவும் மோதிய பழைய ஆட்டங்களைத்தான் பார்ப்பான். போலந்து, பிரான்ஸ் என்று நான் இந்தக் காலத்து ஆட்டத்தை நீட்டினால், முதல் சர்வீசிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வான். செருப்புக்கடை வைத்திருக்கும் எனக்கு இந்த வம்புதான் முப்பது வருடப் பொழுதுபோக்கு.

எனக்கு ஆத்திரம் என்னவென்றால், அவன் தலையில் தூக்கி வைத்து ஆடும் அந்தக் காலம்தான் அவனை வெளியே தள்ளியது. எங்கள் ஊர் ஆட்டத்தில் அப்போது இடம் மாறிச் சுற்றுவது கிடையாது. நெட்டையன் வலையோரம், குட்டையன் பின்னால், கடைசிவரை அதே இடம். ஐந்தடி இரண்டங்குலச் சென்னப்பன் பின்னால் நின்றால் பந்து தரையைத் தொடாது. அந்தத் தெம்பில், பத்தொன்பது வயதில், மாவட்ட அணித் தேர்வுக்குப் போனான். அங்கே சர்வதேச விதி. எல்லோரும் சுற்றி வர வேண்டும். அவனும் வலைக்கு வந்தான். எகிறிய கைக்கு ஒரு முழம் மேலே பந்து போனது. ஆறு முறை போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன். அதன்பின் விதிப்படி நடக்கும் எந்த ஆட்டத்திலும் அவன் இறங்கவில்லை.

போன தை மாதம் அதியமான்கோட்டையில் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குப் போட்டி. எங்கள் அணிக்கு நீலப் பனியன். அவனுக்கு மட்டும் மஞ்சள் எடுத்துப் போனேன். அவன் முகம் சுண்டிப் போனது.

"மாத்தாளு பனியனா? ஓரமா குந்த வெக்கறதுக்கு என்னைய எதுக்குக் கூப்புடற, சுபான்?"

"இது லிபரோ பனியன்ப்பா. தொண்ணூத்தெட்டுல வந்த ரூலு. நீ பின்னால மட்டும்தான் நிக்கணும். முன்னால போற முறை வந்தா வெளிய வந்துருவ, நம்ம நெட்டையன் முருகேஷ் உள்ள போவான். பொறவு மறுபடியும் நீ."

"வலைக்குப் போவ வேணாமா?"

"போவவே கூடாது."

கேலி செய்கிறேன் என்றே நினைத்தான். அவன் மனைவி மாதம்மாள்தான் பனியனை மாட்டித் துரத்திவிட்டாள்.

முட்டி தேய்ந்து மேனேஜர் ஆகிவிட்ட நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம், வலது பக்கம், எங்கே அடித்தாலும் சென்னப்பன் எடுத்தான். பிறகு சுற்று வந்தது. நான் சொன்னதை நம்பாமல், தலை குனிந்து வலையை நோக்கி நடந்தான். அம்பயர் விசிலடித்து அவனை வெளியே போகச் சொன்னார். ஓரத்தில் காத்திருந்த முருகேஷ் அவன் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனான்.

சென்னப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நெசமாத்தான் சொன்னியா? ஏம்ப்பா முன்னயே சொல்லல?"

"எப்பக் காட்டினாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டயே."

பனியனால் முகத்தைத் துடைத்தான்.

"தொண்ணூத்தெட்டுல எனக்கு இருவத்தஞ்சு வயசுதான், சுபான்."

இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முருகேஷின் முன்வரிசைச் சுற்று முடிந்தது. திரும்பிப் பார்த்தால் பெஞ்சில் அவன் இல்லை. பின்வரிசையில் முட்டியை மடக்கி, கைகளை நீட்டி நின்றிருந்தான்.